மூன்று வயதுப் பிள்ளைக்கு இன்டர்வியூ கிடையாது, வீட்டுக்குத்தான்

நவம்பர் கடைசி வந்துவிட்டால் என் போனுக்கு ஓய்வு கிடையாது. கிழக்கு டெல்லியில் ஒரு தனியார் பள்ளி ஆபீசில் நெடுங்காலமாக வேலை பார்க்கிறேன். ஃபீஸ் கவுன்டர், டி.சி. எழுதுவது, அட்மிஷன் கவுன்டர் என்று எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்தாயிற்று. மயூர் விஹார், ஐ.பி. எக்ஸ்டென்ஷன் பக்கம் எந்தத் தமிழ் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளை இருந்தாலும் என் நம்பர் எப்படியோ அவர்கள் கைக்குப் போய்விடும்.

"அக்கா, பையன் ஏ டூ இஸட் சொல்றான். நூறு வரைக்கும் எண்ணுறான். ரைம்ஸ் நிறையத் தெரியும். நல்ல ஸ்கூல்ல கிடைச்சிடும்ல?"

"அதெல்லாம் இருக்கட்டும்ப்பா. வீடு எங்க? சொந்தமா, வாடகையா? கரன்ட் பில் யார் பேர்ல வருது?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டவர்களுக்கு நான் கரன்ட் பில் கேட்பது பிடிப்பதில்லை. ஆனால் விஷயம் அதுதான். டெல்லி நர்சரி அட்மிஷனுக்குப் பிள்ளை ஒன்றுமே தெரிந்து வைத்திருக்க வேண்டாம். முதல் லிஸ்டில் பெயர் வரும்வரை பள்ளி அவன் முகத்தைக்கூடப் பார்க்கப் போவதில்லை. இன்டர்வியூ கூடாது, நன்கொடை கூடாது என்று கல்வி இயக்ககத்தின் சர்குலர் வருஷம் தவறாமல் சொல்கிறது. அதற்குப் பதிலாக இருப்பது 100 பாயின்ட் கணக்கு. ஒவ்வொரு பள்ளியும் எதற்கு எத்தனை பாயின்ட் என்று முடிவு செய்து, ஃபார்ம் கொடுக்கத் தொடங்குவதற்கு முன்பே இயக்ககத்தின் இணையதளத்தில் போட்டுவிட வேண்டும். டிசம்பரில் ஃபார்ம், ஜனவரியில் முதல் லிஸ்ட், பிப்ரவரியில் இரண்டாவது லிஸ்ட், மார்ச்சில் கதவு சாத்தியாயிற்று.

அந்த 100-இல் பெரும் பங்கு தூரத்துக்குப் போகிறது. உங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே எத்தனை கிலோமீட்டர் என்பதற்கு. அதற்கடுத்து, அண்ணனோ அக்காவோ அதே பள்ளியில் படித்தால் கொஞ்சம். அப்பாவோ அம்மாவோ அங்கே படித்திருந்தால் கொஞ்சம். சில பள்ளிகளில் முதல் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் ஏதாவது உண்டு. இப்போது நம் ஆட்களின் நிலைமையைப் பாருங்கள். அப்பா திருச்சியில் படித்தவர், அம்மா விருதுநகரில். ஆகவே பழைய மாணவர் பாயின்ட் பூஜ்யம். மூத்த பிள்ளைக்குத்தான் இந்த அலைச்சலே என்பதால் அண்ணன் அக்கா பாயின்ட்டும் பூஜ்யம். மிச்சத்தில் பெரிதாக நம்பக்கூடியது தூரம் ஒன்றுதான். அதனால்தான் வீடு எங்கே என்று கேட்கிறேன்.

தூரத்தை எப்படி அளப்பது என்பதில் பள்ளிக்குப் பள்ளி வித்தியாசம் உண்டு. சிலர் சாலை வழியாக அளக்கிறார்கள், சிலர் நேர்கோட்டில். எங்கள் பக்கம் யமுனை ஓடுவதால் இது பெரிய விஷயம். மயூர் விஹாரிலிருந்து ஆற்றுக்கு அந்தக் கரையில் உள்ள பள்ளி நேர்கோட்டில் பார்த்தால் கைக்கெட்டும் தூரம். வண்டியில் போனால் நிஜாமுதீன் பாலமோ டி.என்.டி. பாலமோ சுற்ற வேண்டும். பாயின்ட் கிடைக்கிறதே என்று சேர்த்துவிட்டு, காலையில் அந்தப் பாலத்து நெரிசலில் மூன்று வயதுப் பிள்ளை பஸ்ஸில் தூங்கி வழிவதை அப்புறம் பார்த்துப் பார்த்து வருத்தப்படுவார்கள்.

ஒரு தம்பி, சாஃப்ட்வேர்க்காரர், கலர் பிரின்ட் எடுத்த மேப்போடு கவுன்டருக்கு வந்தார். அவருடைய சொசைட்டியின் முன்பக்க கேட்டிலிருந்து அளந்தால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. பின்பக்க கேட் வழியாகப் பார்க்கைச் சுற்றி வந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. எங்கள் பள்ளியில் ஒரு கிலோமீட்டர் வரை பாயின்ட் அதிகம், அதற்கு மேல் குறைவு. பின்பக்க கேட்டை மஞ்சள் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். அது பூட்டியே கிடக்கிற கேட் என்பது எனக்கும் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சர்மாஜிக்கும் தெரியும். "பேட்டா, நாங்கள் கேட்டை அளக்கவில்லை, கட்டடத்தை அளக்கிறோம்" என்று சர்மாஜி சொன்னார். கட்டடம் எந்தப் பக்கம் வருகிறது என்று அந்தத் தம்பிக்கு அப்போது சந்தேகம் வந்துவிட்டது. போனில் மறுபடி மேப்பைத் திறந்து, விரலால் பெரிதாக்கி, அங்கேயே நின்று அளந்துகொண்டிருந்தார். பின்னால் வரிசை நீண்டது.

வாடகை வீட்டுக்காரர்கள் கதை தனி. பள்ளிக்குப் பக்கத்துத் தெருவில் வீடு பார்த்து ஆகஸ்ட், செப்டம்பரிலேயே குடி வந்துவிடுகிறவர்கள் உண்டு. தெரிந்துதான் வீட்டு ஓனர்களும் வாடகையை ஏற்றுகிறார்கள். வீடு கிடைத்தும் ஓனர் கரன்ட் பில் நகல் தர மாட்டார், அக்ரிமென்ட்டை ரெஜிஸ்டர் செய்ய மாட்டார். அந்த இரண்டும் இல்லாமல் பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருந்து என்ன பிரயோஜனம்? அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பேசிவிடுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். குழந்தையின் ஆதார், பெற்றோரின் வோட்டர் ஐ.டி., பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் இன்னும் சென்னை முகவரியே இருந்தால் டிசம்பரில் ஓடுவதில் பலன் இல்லை, தீபாவளிக்கு முன்பே மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

நொய்டாக்காரர்களிடம் சொல்வதற்குத்தான் எனக்குச் சங்கடம். மயூர் விஹார் எக்ஸ்டென்ஷனில் மெட்ரோ ஏறினால் நடுவில் நியூ அசோக் நகர் ஒன்றுதான், அதற்கடுத்த ஸ்டேஷன் நொய்டா. கோயிலுக்கும் காய்கறிக்கும் இங்கேதான் வருகிறார்கள். ஆனால் நொய்டா உத்தரப் பிரதேசம். பல டெல்லிப் பள்ளிகள் டெல்லி முகவரிதான் கேட்கின்றன. தூரம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நடுவில் மாநில எல்லை இருக்கிறதே!

இந்தப் பாயின்ட் முறையைத் திட்டாத பெற்றோர் இல்லை. நான் திட்டுவதில்லை, ஏனென்றால் அதற்கு முந்திய காலத்தையும் பார்த்தவள். அப்போதெல்லாம் குட்டி மேஜை போட்டு, பிளாஸ்டிக் பழங்களும் மரக்கட்டைகளும் பரப்பி, ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே கூப்பிடுவார்கள். ஃபைல் எடுத்துக் கொடுப்பது என் வேலை, அதனால் ஓரமாக நிற்பேன். ஒரு பெண் குழந்தையிடம் டீச்சர் ஆங்கிலத்தில், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். குழந்தை தயங்கவே இல்லை. "இடியாப்பம்" என்றாள். டீச்சருக்குப் புரியவில்லை. இந்தியில் திருப்பிக் கேட்டார். "இடியாப்பம், தேங்காப்பால்" என்று இன்னும் விளக்கமாகச் சொன்னாள். தாளில் 'பதில் இல்லை' என்ற இடத்தில் டிக் விழுந்தது. கேட்ட கேள்விக்குச் சரியான பதில், அதுவும் கேட்காத தேங்காய்ப்பாலையும் சேர்த்து. அந்த டீச்சர் கெட்டவர் இல்லை, வரிசையில் இன்னும் அறுபது எழுபது பிள்ளைகள் காத்திருந்தார்கள். அப்புறம் பெற்றோரை உள்ளே கூப்பிட்டு, அப்பா என்ன வேலை, அம்மா எது வரை படித்தார், வீட்டில் ஆங்கிலம் பேசுவீர்களா என்று கேட்பார்கள். கரன்ட் பில் அவ்வளவு மோசமான அளவுகோல் இல்லை என்று எனக்குத் தோன்றியது அந்த அறையில் நின்ற நாட்களில்தான்.

2006-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சி.பி.எஸ்.இ. தலைவராக இருந்த அசோக் கங்குலி தலைமையில் ஒரு கமிட்டி போட்டது. 100 பாயின்ட் கணக்கு அங்கிருந்து வந்தது. அதற்கப்புறமும் ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு கோர்ட் கேஸ்தான். 2013 டிசம்பரில் துணைநிலை ஆளுநர் நஜீப் ஜங் எல்லாப் பள்ளிக்கும் ஒரே கணக்கு என்று கொண்டுவந்தார்: தூரத்துக்கு 70, அண்ணன் அக்காவுக்கு 20, பழைய மாணவருக்கு 5, வெளிமாநிலத்திலிருந்து மாற்றலாகி வருபவர்களுக்கு 5. அந்தக் கடைசி 5 பாயின்ட்டை நம்மவர்கள் கொண்டாடினார்கள், சென்ட்ரல் கவர்ன்மென்ட் மாற்றலில் வந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர்! நடுவிலேயே அதை எடுத்துவிட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பள்ளிகள் தொடுத்த வழக்கில் 2014 நவம்பரில் உயர் நீதிமன்றம் அந்த விதிகளையே ரத்து செய்தது. மாணவரைச் சேர்ப்பதில் தனியார் பள்ளிக்குத் தன்னாட்சி உண்டு என்பது தீர்ப்பு.

2016 ஜனவரியில் டெல்லி அரசு மேனேஜ்மென்ட் கோட்டாவையும் 62 அளவுகோல்களையும் ஒரே உத்தரவில் நீக்கியது. அந்த 62-ஐப் படித்துவிட்டு ஆபீசில் எல்லாரும் சிரித்தோம். பெற்றோர் சிகரெட் பிடிக்காதவர்களா, குடிக்காதவர்களா, சைவமா என்பதற்கெல்லாம் எங்கெங்கோ பாயின்ட் இருந்திருக்கிறது. பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் கோட்டாவையும் அந்த 62-இல் சிலவற்றையும் நீக்கியதற்குத் தடை விதித்தது. அடுத்த வருஷம், டி.டி.ஏ. எனும் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் நிலத்தில் கட்டிய 298 பள்ளிகள் பக்கத்து வட்டாரப் பிள்ளைகளைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு உத்தரவு, அதற்கும் தடை. இதெல்லாம் பேப்பரில் செய்தி. எங்களுக்கு என்னவென்றால், அடித்து வைத்த லிஸ்ட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக அடிப்பது.

கோட்டா என்றதும் ஞாபகம் வருகிறது. டிசம்பரில் சில பேர் போன் செய்து குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு ஆகும்க்கா?" என்பார்கள். எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் சீட் வாங்கித் தருகிறேன் என்று வெளியே திரிகிற ஆளிடம் மட்டும் காசு கொடுக்காதீர்கள். அவன் சாமர்த்தியம் இவ்வளவுதான்: பத்துப் பேரிடம் வாங்குவான், அதில் மூன்று பேருக்குத் தானாகவே லிஸ்டில் பெயர் வரும், அது தன்னால் வந்தது என்பான், மற்ற ஏழு பேருக்குப் பாதியைத் திருப்பித் தருவான்.

ஒரே பாயின்ட்டில் நிறையப் பேர் வந்துவிட்டால் குலுக்கல். இதற்குப் பெற்றோரை எழுதிக் கூப்பிட வேண்டும், வீடியோ எடுக்க வேண்டும், சீட்டை ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போட வேண்டும். ஜனவரிக் குளிரில் எங்கள் ஹாலில் ஹீட்டர் கிடையாது. சால்வையும் குல்லாயுமாக ஜனம் உட்கார்ந்திருக்கும். நான் பெயரைப் படிப்பேன், ஒரு டீச்சர் சீட்டைத் தூக்கிக் காட்டுவார், மடித்துப் போடுவார். எங்கள் பெயர்களைப் படிக்கிறபோதுதான் இழுபறி. இனிஷியலைப் பின்னால் போட்டு எழுதியிருப்பார்கள், 'சுப்ரமணியனின் மகள்' என்று நான் படித்தால் அந்த சுப்ரமணியன் தாத்தாவாக இருப்பார். ஒரு தடவை இப்படி ஒரு தாத்தா எழுந்து நின்று, "பெட்டியை நல்லாக் குலுக்கச் சொல்லும்மா, மேல போட்டது மேலயே கிடக்கு" என்று தமிழில் சத்தமாகச் சொன்னார். நான் இந்தியில் பிரின்சிபாலிடம் சொன்னேன். குலுக்கினார்கள். முன் வரிசையில் இருந்த ஒரு சர்தார்ஜியைக் கூப்பிட்டுச் சீட்டு எடுக்கச் சொன்னார்கள். தாத்தாவின் பேத்தி பெயர் வெயிட்டிங் லிஸ்டில்தான் வந்தது. "குலுக்காம விட்டிருக்கலாம்" என்றார். அந்தக் குழந்தைக்குப் பிப்ரவரியில் இடம் கிடைத்தது, முதல் லிஸ்டில் வந்தவர்கள் வேறு பள்ளி கிடைத்துப் போய்விடுவது வாடிக்கை. ஆகவே முதல் லிஸ்டைப் பார்த்து அழ வேண்டாம்.

வயதுக் கணக்கில் மார்ச் 31 தான் கோடு. நர்சரிக்கு அன்றைக்கு மூன்று வயது முடிந்து நான்கு ஆகாமல் இருக்க வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் பிறந்த பிள்ளைகளின் அம்மாக்கள் டாக்டரைத் திட்டுவார்கள். தலைமை ஆசிரியருக்கு எழுதிக் கொடுத்தால் ஒரு மாதம் வரை தளர்த்திக் கொடுக்க இடம் உண்டு, கேளுங்கள்.

நம் ஊரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் இன்னொரு இடத்தில் தட்டுக்கெட்டுப் போகிறார்கள். அங்கே பள்ளி திறப்பது ஜூனில். இங்கே ஏப்ரலிலேயே வகுப்பு தொடங்கி, மே நடுவில் லீவு விட்டு, ஜூலையில் மறுபடி திறக்கும். ஜூன் முதல் வாரம் சாமான் லாரியோடு வந்து இறங்கி, டி.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டில் நின்றால் உள்ளே வாட்ச்மேனும் நானும் பெயின்டரும்தான் இருப்போம். அதற்குள் யூனிட் டெஸ்ட் சிலபஸ் பாதி போயிருக்கும். மாநில போர்டிலிருந்து வந்தால் டி.சி.யில் அந்த ஊர்க் கல்வி அதிகாரியின் மேலொப்பம் கேட்பார்கள். அதை வாங்காமல் ரயில் ஏறிவிட்டு, அப்புறம் மாமனாரை மதுரைக்கு விரட்டுவார்கள்.

நூறு பாயின்ட் கணக்குக்குள் வராத ஒரு கால் பங்கு இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டப்படி 25 சதவீத இடம் ஏழை, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு. டெல்லியில் அதை 22 என்றும், மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு 3 என்றும் பிரித்திருக்கிறார்கள். இந்தக் குலுக்கலை எங்கள் கையில் விடுவதில்லை, இயக்ககமே கம்ப்யூட்டரில் நடத்தி லிஸ்டை அனுப்பிவிடும். சட்டம் வந்தபோது பள்ளிகள் உச்ச நீதிமன்றம் போய், 2012-இல் தோற்றன. எங்கள் பக்கத்து சொசைட்டிகளில் வீட்டு வேலை செய்கிற சேலம், விழுப்புரம் பக்கத்துப் பெண்கள் சிலருடைய பிள்ளைகள் இப்படி வந்து படிக்கிறார்கள். ஃபீஸ் இல்லை, புத்தகமும் யூனிஃபார்மும் இலவசம். இடிப்பது வேறு இடத்தில். நர்சரியில் வெள்ளிக்கிழமை 'மஞ்சள் நாள்' என்பார்கள், அடுத்த வாரம் 'பச்சை நாள்'. மஞ்சள் சட்டை, மஞ்சள் பழம், மஞ்சள் பொம்மை. ஒரு அம்மா வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்த வழியில் கவுன்டருக்கு வந்து, "பச்சையில பாவாடை இருக்கு, போதுமாக்கா, இல்ல சட்டையும் பச்சையா இருக்கணுமா?" என்று கேட்டாள். பாவாடை போதும் என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் அந்த வகுப்பு டீச்சரிடம் சண்டை போட்டேன். சட்டப் பிரிவுகளைச் சுற்றறிக்கையில் எழுதுகிறவர்கள் பச்சைச் சட்டையைப் பற்றி எழுதுவதில்லை.

வீடுதான் பள்ளியை முடிவு செய்கிறது என்பது பணக்காரர்களுக்கு மட்டும் இல்லை. ஜங்புரா பக்கம் பாராபுல்லா கால்வாய் ஓரமாக இருந்த மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியை உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2025 ஜூன் 1 அன்று இடித்தார்கள். 370 வீடுகள். அதில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் ஃபிளாட் என்றார்கள். நரேலா எங்கே, ஜங்புரா எங்கே? டெல்லியின் வடக்குக் கோடி அது. லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கு நடந்து போன பிள்ளைகள் அங்கிருந்து எப்படி வருவார்கள்? அவர்கள் முகவரி மாறிவிட்டது, அவ்வளவுதான். நூறு பாயின்ட்டோ மேப்போ அவர்களுக்கு இல்லை.

சரி, சேர்த்தாயிற்று. ஏப்ரலில் என்ன நடக்கும் என்பதற்கு யாரும் தயாராக வருவதில்லை. முதல் சில நாள் பிள்ளைகளைப் பிரித்துப் பிரித்து ஒரு மணி நேரம் மட்டும் கூப்பிடுவார்கள். கேட்டுக்கு வெளியே அம்மாக்கள், உள்ளே அழுகை. ஆயாக்கள்தான் அந்த வாரத்தில் ராஜாக்கள். எங்கள் ஆயா ஒருவர், பிஹார்க்காரர், தமிழ்ப் பிள்ளைகளைச் சமாளிப்பதற்காக என்னிடம் 'வா', 'அழாதே', 'தண்ணி', 'உச்சா' நான்கையும் கேட்டுக் கற்றுக்கொண்டார். இன்றைக்கும் எந்த ஊர்ப் பிள்ளை அழுதாலும் 'அழாதே'தான் சொல்கிறார், பஞ்சாபிப் பிள்ளைகூட அடங்கிவிடுகிறது. மொழியைப் பற்றிப் பெற்றோர் படுகிற கவலையைப் பிள்ளைகள் படுவதில்லை. தீபாவளிக்குள் இந்தி வந்துவிடும். அதற்கப்புறம்தான் வீட்டில் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் சொல்லி, ஊரிலிருந்து போனில் பேசுகிற ஆச்சியை முழிக்க வைப்பார்கள்.

டிஃபனுக்கு ஒரு சார்ட் கொடுப்பார்கள். திங்கள் பராட்டா சப்ஜி, செவ்வாய் போஹா, புதன் இட்லி அல்லது உப்புமா, வியாழன் ராஜ்மா சாவல், வெள்ளி அவரவர் விருப்பம் என்கிற மாதிரி. நம் பெண்கள் புதன்கிழமையைப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் கவனித்திருக்கிறேன், புதன்கிழமை தமிழ்ப் பிள்ளைகளின் டப்பாவைச் சுற்றித்தான் கூட்டம். மிளகாய்ப்பொடி தடவிய குட்டி இட்லியைக் குப்தா வீட்டுப் பிள்ளை காலி செய்துவிடும், இவன் அவனுடைய ஜாம் பிரெட்டைத் தின்றுவிட்டு வருவான். வீட்டில் அம்மா, "இன்னைக்கு எல்லாத்தையும் சாப்பிட்டுட்டான்" என்று சந்தோஷப்படுவாள்.

நவம்பரில் புகை. காற்று மோசமாகிற வாரங்களில் முதலில் சின்ன வகுப்புகளைத்தான் நிறுத்துவார்கள். 2024 நவம்பரில் எல்லா வகுப்பும் ஆன்லைனுக்குப் போனது. நர்சரிப் பிள்ளைக்கு ஆன்லைன் என்றால் அம்மாவுக்கு ஆன்லைன் என்று அர்த்தம். ஜனவரியில் குளிர்கால லீவு. இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் சின்னப் பிள்ளை பள்ளியில் இருக்கிற நாள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, ஃபீஸ் மட்டும் குறையாது.

தமிழ் படிக்க வேண்டுமா என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். தனியார் பள்ளிகளில் மூன்றாம் மொழி என்றால் சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஜெர்மன் என்று போகும், தமிழ் இருக்காது. தமிழோடு படிக்க டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகள் இருக்கின்றன. லோதி எஸ்டேட், மந்திர் மார்க், பூசா ரோடு, ராமகிருஷ்ணபுரம், லட்சுமிபாய் நகர், மோதி பாக், ஜனக்புரி. சிம்லாவுக்கும் டெல்லிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்த அந்தக் காலத்து அரசு ஊழியர்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1920-களில் ஆரம்பித்தது. அரசு உதவி பெறுபவை, ஃபீஸும் பயமுறுத்தாது. நம்மவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், "அது... பார்க்கலாம்க்கா" என்று இழுப்பார்கள். பிள்ளை ஆங்கிலம் பேச வேண்டுமாம். அங்கே படித்தவர்கள் பெரிய பெரிய உத்தியோகத்தில் இருக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள், நான் வேலை பார்க்கிற இடத்தில் இல்லை.

காசு விஷயம். ஃபார்முக்கு 25 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, புராஸ்பெக்டஸ் வாங்கித்தான் தீர வேண்டும் என்றும் இல்லை. அட்மிஷன் ஃபீ 200, காஷன் மணி 500. இந்த மூன்று எண்ணும் எந்தக் காலத்தில் நிர்ணயித்ததோ, அப்படியே நிற்கின்றன. அதைப் பார்த்து மயங்காதீர்கள். டியூஷன் ஃபீ, ஆனுவல் சார்ஜ், டெவலப்மென்ட் ஃபீ, பஸ் எல்லாம் கூட்டி வருகிற காலாண்டு ரசீதுதான் நிஜம். 2025 ஆகஸ்டில் கட்டணத்தை ஒழுங்குபடுத்த டெல்லி சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது, பள்ளிக் கமிட்டியில் பெற்றோருக்கும் இடம் என்கிறது. அந்தக் கமிட்டியில் பேசப் போகிறவர்கள் டியூஷன் ஃபீயைவிட மற்ற வரிகளைக் கவனமாகப் படியுங்கள்.

அந்த 500 ரூபாய் காஷன் மணி உங்களுடையது. பிள்ளை பள்ளியை விட்டுப் போகும்போது வங்கி வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பெங்களூருக்கும் சென்னைக்கும் மாற்றலாகிப் போகிறவர்கள் டி.சி. வாங்குகிற அவசரத்தில் இதைக் கேட்பதே இல்லை. என் ரிஜிஸ்டரில் வருஷக்கணக்காக அப்படியே கிடக்கிற பெயர்களில் பாதி நம் பெயர்கள். ரசீது தொலைந்திருந்தால் ஒரு வெள்ளைத் தாளில் பிள்ளை பெயர், வகுப்பு, சேர்ந்த வருஷம், பேங்க் கணக்கு நம்பர் எழுதிக் கொடுத்தால் போதும். டி.சி. விண்ணப்பத்தோடு சேர்த்தே கொடுத்துவிடுங்கள், இரண்டு தடவை வர வேண்டாம்.